வைட் கரக்டர் எண்டா யூனிகோட் இல்லை: சி-யில தமிழ் ஸ்ட்ரிங் வச்சு வேலை செய்யிற ஆக்களுக்கு

"சி-யில தமிழ் வரவேணுமெண்டா வைட் கரக்டர் போடு, அதுதான் யூனிகோட்" எண்டு ஒரு கதை கனகாலமா சுத்துது. கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் புரோகிராமிங் படிக்கிற பெடிபெட்டையள் ப்ரொஜெக்டுக்கு தமிழ்ப் பேர் சேமிக்க வேண்டி வரேக்க யாரோ ஒருத்தர் இதைத்தான் சொல்லுவினம், அவையும் நம்பி எழுதுவினம், சொந்த லப்டொப்பில வடிவா வேலையும் செய்யும், பிறகு வேற மெஷினுக்குக் கொண்டுபோனா பேரெல்லாம் பெட்டி பெட்டியா வந்து நிக்கும். அப்ப கம்பைலருக்கு ஏச்சு, கீபோர்ட்டுக்கு ஏச்சு, கடைசியில "தமிழ் கம்ப்யூட்டருக்குச் சரிவராது" எண்டு முடிவு.

தமிழில ஒரு பிழையும் இல்லை. அந்தக் கதையிலதான் பாதி பிழை. சி-யில அரேயும் ஸ்ட்ரிங்கும் கொஞ்சம் தெரிஞ்சிருந்தா இதை வாசிக்கலாம், அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்.

மூட்டைக்கு எத்தினை கிலோ?

நெல்லு விக்கிற ஆக்களுக்கு இது தெரிஞ்ச விசயம். "இருபது மூட்டை கிடக்கு" எண்டு போன்ல சொன்னா வாங்கிறவர் உடன "என்ன சாக்கு?" எண்டுதான் கேப்பார். யூரியா பையில கட்டினதும் மூட்டைதான், பெரிய சணல் சாக்கில கட்டினதும் மூட்டைதான். எண்ணிக்கை தெரிஞ்சாலும் நிறை தெரியாது. ஒரே ஆலைக்குள்ள எல்லாரும் ஒரே சாக்கு பாவிச்சா ஒரு பிரச்சினையும் வராது, ஆனா மாங்குளத்தில கட்டினதை பரந்தன்ல போய் எண்ணிக்கையை மட்டும் வச்சு விலை பேசினா சண்டைதான் வரும்.

சி-யின்ர வைட் கரக்டரும் அப்பிடி ஒரு மூட்டைதான். முதல்ல சாதாரண கரக்டரைப் பாப்பம். சி-யில சார் எண்ட டைப்புக்கு ஒரு பைட். பைட் எண்டா 0-இல இருந்து 255 வரைக்கும் ஏதாவது ஒரு இலக்கத்தை வைக்கிற இடம். இங்கிலீஷுக்கு அது தாராளம், உலகத்து எழுத்தெல்லாத்துக்கும் காணாது. அதால சி மொழிக்கு முதன்முதலா ஸ்டாண்டர்ட் எழுதேக்கையே, 1990-க்கிட்ட, இன்னொரு பெரிய டைப்பையும் சேர்த்தவை. கோட்ல டபிள்யூ, சார், அண்டர்ஸ்கோர், டி எண்டு எழுதுறது. நான் இனி சுருக்கமா வைட்சார் எண்டு சொல்லுறன். அதோட வேலை செய்யிற ஃபங்ஷன்கள் பெரும்பாலும் 1995 திருத்தத்தோடதான் வந்தது. ஸ்ட்ரிங்குக்கு முன்னால பெரிய எல் போட்டா அது வைட்சார் ஸ்ட்ரிங்.

இந்த டைப்புக்கு எத்தினை பைட் எண்டு ஸ்டாண்டர்ட் சொல்லேல்ல. கம்பைலரும் சிஸ்டமும் பாத்து முடிவெடுக்கட்டும் எண்டு விட்டிட்டினம். இண்டைக்கு விண்டோஸ்ல 2 பைட், லினக்ஸ்லயும் மக்லயும் 4 பைட். பேர் ஒண்டு, சாக்கு ரெண்டு.

அப்ப யூனிகோட் எண்டா என்ன? அது ஒரு இலக்கப் பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு இலக்கம். க-வுக்கு 2965, வ-வுக்கு 2997. தமிழுக்கு ஒதுக்கின இடம் 2944-இல இருந்து 3071 வரைக்கும், மொத்தம் 128 இடம். அந்த ஒவ்வொரு இலக்கத்தையும் கோட் பாயிண்ட் எண்டு சொல்லுறது. அந்த இலக்கத்தை எத்தினை பைட்டில, எந்த ஒழுங்கில வைக்கிறது எண்டது வேற கேள்வி, அதுக்குப் பேர் என்கோடிங்.

இவ்வளவும் சுருக்கமா: யூனிகோட் இலக்கம் குடுக்குது, என்கோடிங் அதை பைட்டா ஆக்குது, வைட்சார் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியின்ர அளவு மெஷினுக்கு மெஷின் மாறும்.

ஏன் ஒரு பக்கம் 2, மற்றப் பக்கம் 4?

1991-இல யூனிகோட்டின்ர முதலாவது பதிப்பு வரேக்க உலகத்து எழுத்தெல்லாம் 65,536 இடத்துக்குள்ள அடங்கிவிடும் எண்டு நினைச்சவை. 65,536 எண்டா சரியா 2 பைட். 1993-இல வந்த விண்டோஸ் என்டி அதை நம்பி வைட்சாரை 2 பைட்டா வச்சுக் கட்டினது, அந்த நேரத்துக்கு அது நல்ல முடிவுதான். பிறகு பாத்தா சீன எழுத்துகள் மட்டுமே இடத்தை நிரப்புது, பழைய எழுத்துமுறைகள் வேற வரிசையில நிக்குது. 1996-இல யூனிகோட் 2.0 வந்து எல்லையை 1,114,111 வரைக்கும் தள்ளிவிட்டுது. அதுக்குள்ள விண்டோஸுக்கு எழுதின புரோகிராமுகள் கணக்கில்லாமல் பெருகீட்டுது, அளவை மாத்த வழியில்லை. லினக்ஸ் பக்கம் 4 பைட் எடுத்தவை, அதில எல்லாம் அடங்கும்.

65,535-க்கு மேல உள்ளதை விண்டோஸ் என்ன செய்யுது? ரெண்டு வைட்சாரைச் சோடியாப் போட்டு ஒரு கோட் பாயிண்டைக் குறிக்குது. இதுக்கு சரோகேட் சோடி எண்டு பேர், இப்பிடிச் செய்யிற என்கோடிங்குக்கு யூடிஎஃப்-16 எண்டு பேர்.

"அது ஈமோஜிக்குத்தானே, தமிழ் 3071-ஓட முடிஞ்சுது" எண்டு நினைப்பியள். முடியேல்ல. 2019-இல வந்த யூனிகோட் 12-இல தமிழுக்கு இன்னொரு பகுதி சேர்த்திருக்கினம், 73,664-இல இருந்து 73,727 வரைக்கும். பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் அங்கதான் இருக்கு: முந்திரி, உழக்கு, குறுணி, பதக்கு, நெல்லுக்குக் கூட தனியா ஒரு குறி. வயல் நாட்டு ஆக்களுக்கு இது சந்தோசமான விசயம்தான், ஆனா 2 பைட்டுக்குள்ள இதில ஒண்டும் போகாது. 320-இல ஒரு பங்கைக் குறிக்கிற முந்திரிக் குறியின்ர இலக்கம் 73,664. விண்டோஸ்ல அது 55303, 57280 எண்டு ரெண்டு வைட்சாரா இருக்கும். வைட்சார் ஸ்ட்ரிங்கின்ர நீளத்தை எண்ணுற ஃபங்ஷன் விண்டோஸ்ல 2 எண்டு சொல்லும், லினக்ஸ்ல 1 எண்டு சொல்லும். ரெண்டும் சரி, அதுதான் கரைச்சல்.

வன்னி எண்ட சொல்லைப் பிரிச்சுப் பாப்பம்

கண்ணுக்கு வ, ன், னி எண்டு மூண்டு எழுத்து. யூனிகோட்டுக்கு வ, ன, புள்ளி, ன, இகரக்குறி எண்டு அஞ்சு கோட் பாயிண்ட். விண்டோஸ் வைட்சாரில 10 பைட், கடைசியில ஸ்ட்ரிங் முடிஞ்சுது எண்டு காட்டுற சைபருக்கு இன்னும் 2. லினக்ஸ் வைட்சாரில 20, முடிவுக்கு 4. யூடிஎஃப்-8 எண்டு சொல்லுற என்கோடிங்கில 15, முடிவுக்கு 1. அதைப் பற்றிப் பிறகு கதைப்பம்.

இப்ப ஒரு நெல் கொள்வனவு புரோகிராம் எண்டு வைப்பம். ஒஃபிஸ்ல விண்டோஸ் கம்ப்யூட்டர், தராசடியில லினக்ஸ் ஓடுற ராஸ்பெரி பை. ஒஃபிஸ் புரோகிராம் வைட்சார் அரேயை அப்பிடியே ஃபைலுக்குள்ள கொட்டுது, தராசடிப் புரோகிராம் அதே ஃபைலை வைட்சார் அரேயா வாசிக்குது. கோட் ஒரு எழுத்துக்கூட மாறேல்ல, ரெண்டு பக்கமும் வோர்னிங் ஒண்டும் இல்லாமல் கம்பைல் ஆகும். விண்டோஸ் எழுதின முதல் நாலு பைட் 181, 11, 169, 11. முதல் ரெண்டும் வ, அடுத்த ரெண்டும் ன. லினக்ஸ் நாலையும் சேர்த்து ஒரே எழுத்தா எடுக்கும், அந்த இலக்கம் 195,627,957. யூனிகோட்டின்ர எல்லையே பதினொரு லட்சத்துச் சொச்சம், இது பத்தொன்பதரைக் கோடி. பெட்டி வராமல் என்ன வரும்?

அதால வைட்சார் மெமரிக்குள்ள மட்டும், அதுவும் ஒரே மெஷினுக்குள்ள மட்டும் இருக்கவேண்டிய சாமான். ஃபைலுக்குள்ளயும் நெட்வொர்க்கிலயும் அப்பிடியே போடக்கூடாது. போர்ட்டபிள் கோட், அதாவது எந்தச் சிஸ்டத்திலயும் மாத்தாமல் ஓடுற கோட் எழுதிற ஆக்கள் முதல்ல பிடிக்கவேண்டியது இதைத்தான்.

நீளம் எண்டு கேட்டா எந்த நீளம்?

ஸ்ட்ர்லென் எண்டது சாதாரண ஸ்ட்ரிங்குக்கு. சைபர் பைட் வாற வரைக்கும் எண்ணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். வைட்சார் ஸ்ட்ரிங்குக்கு டபிள்யூசிஎஸ்லென் எண்டு தனியா ஒண்டு இருக்கு. முதலாவதைப் பிடிச்சு வைட்சார் ஸ்ட்ரிங்குக்குக் குடுத்தா விடை ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு மாதிரி வரும்: இங்கிலீஷ்ச் சொல் எண்டா ரெண்டு சிஸ்டத்திலயும் 1, ஏனெண்டா முதல் எழுத்துக்குப் பக்கத்திலயே சைபர் பைட். வன்னி எண்ட சொல்லுக்கு லினக்ஸ்ல 2, விண்டோஸ்ல 10. இங்கிலீஷ்ப் பேர் வச்சு டெஸ்ட் செய்துபோட்டு தமிழ்ப் பேரோட குடுத்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கம்பைலர் சும்மா விடாது, ஜிசிசி எண்ட கம்பைலரின்ர 14-ஆம் பதிப்பில இருந்து இந்த மாதிரி பொயிண்டர் டைப் பொருந்தாட்டி எரரே தான். ஆனா காஸ்ட், அதாவது "இதை இந்த டைப்பா எடு" எண்டு சொல்லுறது, ஒண்டு போட்டு அதின்ர வாயைப் பொத்துற ஆக்கள்தான் கனபேர்.

சரியான ஃபங்ஷனைப் பாவிச்சாலும் வாறது எழுத்தின்ர எண்ணிக்கை இல்லை. கிளிநொச்சி எண்டா கண்ணுக்கு அஞ்சு எழுத்து, கோட் பாயிண்ட் 10. அதிலயும் ஒரு சுத்துமாத்து இருக்கு. "நொ"-வில வாற ஒகரக்குறியை 3018 எண்டு ஒரே கோட் பாயிண்டா வைக்கலாம், இல்லாட்டி கொம்பு 3014, கால் 3006 எண்டு ரெண்டாவும் வைக்கலாம், யூனிகோட் ரெண்டையும் சமமாத்தான் எடுக்குது. சில கீபோர்ட்டும் கன்வேட்டரும் ரெண்டாப் போட்டுவிடும். அப்ப அதே கிளிநொச்சி 11 ஆகும், திரையில ஒரு வித்தியாசமும் தெரியாது, ஒப்பிட்டுப் பாக்கிற ஃபங்ஷன் மட்டும் ரெண்டும் வேற வேற எண்டு சொல்லும், மாவட்டம் கிளிநொச்சி எண்டு தேடினா பாதிப் பேர் வராது. வைட்சார் 4 பைட்டா இருந்தாலும் இது தீராது. ஒப்பிட முதல் ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரோணும், அதுக்கு நோர்மலைசேஷன் எண்டு பேர், சி-யில அது உள்ளுக்கு இல்லை, ஐசியூ மாதிரி லைப்ரரி தேவை.

சுருக்கமா: பைட் எண்ணிக்கை, வைட்சார் எண்ணிக்கை, கோட் பாயிண்ட் எண்ணிக்கை, கண்ணால பாக்கிற எழுத்து எண்ணிக்கை, நாலும் வேற வேற. டபிள்யூசிஎஸ்லென் தாறது ரெண்டாவதை மட்டும்.

அப்ப எதைப் பாவிக்கிறது?

என்னைக் கேட்டா புதுசா எழுதிற கோட்டுக்கு உள்ளுக்கு எல்லா இடமும் யூடிஎஃப்-8. 1992-இல கென் தொம்சனும் ரொப் பைக்கும் நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில இருந்து, மேசையில விரிக்கிற தாளில எழுதிப் பாத்து உண்டாக்கினது. ஒரு கோட் பாயிண்டுக்கு 1-இல இருந்து 4 பைட் வரைக்கும் எடுக்கும். இங்கிலீஷுக்கு 1, வழமையான தமிழுக்கு 3, அந்த முந்திரிக் குறிக்கு 4. ஸ்ட்ரிங்குக்கு நடுவில சைபர் பைட் வராது, அதால பழைய சார் ஃபங்ஷன்கள் பெரும்பாலும் வேலை செய்யும், பைட் ஒழுங்கும் எல்லா மெஷினிலயும் ஒண்டுதான்.

ஒரு இடத்தில மட்டும் கவனம். வெட்டேக்க. முல்லைத்தீவு யூடிஎஃப்-8-இல 36 பைட். 20 பைட் பஃபருக்குள்ள முடிவுச் சைபரோட அதை அடைச்சா 19 பைட்தான் போகும்: 18 பைட்டுக்கு "முல்லை" வடிவா வரும், மிச்சம் ஒரு பைட் த-வின்ர முதல் துண்டு. திரையில முல்லைக்குப் பின்னால ஒரு உடைஞ்ச குறி. யூடிஎஃப்-8-இல எழுத்தின்ர நடுப் பைட்டெல்லாம் 128-க்கும் 191-க்கும் இடையிலதான் இருக்கும். வெட்டுற இடத்தில, எடுக்காமல் விடப்போற முதல் பைட் அந்த எல்லைக்குள்ள இருந்தா அது எழுத்தின்ர நடு, இல்லாத இடம் வரைக்கும் பின்னால போய் வெட்டினா சரி.

விண்டோஸின்ர சொந்த ஃபங்ஷன்களைக் கூப்பிட வைட்சார் வேணும்தான். கூப்பிட முதல் யூடிஎஃப்-8-ஐ வைட்சாருக்கு மாத்துங்கோ, விடை வந்த உடன திருப்பி மாத்துங்கோ, அதுக்கு விண்டோஸே ஃபங்ஷன் வச்சிருக்கு. அளவு நிச்சயமாத் தெரியவேணுமெண்டா 2011 ஸ்டாண்டர்டில வந்த சார்16, சார்32 டைப்புகள் இருக்கு, பேரிலயே அளவு இருக்கு.

பழைய கோட்ல வைட்சாரை விடமுடியாதெண்டா: செட்லொகேலை, அதாவது எந்த மொழி, எந்த என்கோடிங் எண்டு சி லைப்ரரிக்குச் சொல்லுற ஃபங்ஷனை, தொடக்கத்திலயே கூப்பிடோணும், இல்லாட்டி லினக்ஸ்ல தமிழுக்குப் பதிலா கேள்விக்குறி வரும் அல்லது ஒண்டுமே வராது. ஒரே அவுட்புட்டில பிரிண்ட்எஃப்பையும் அதின்ர வைட் வடிவத்தையும் கலக்காதேங்கோ. வைட்சார் ஸ்ட்ரிங்கைப் பிரிண்ட் பண்ண சதவீதக் குறிக்குப் பிறகு எல்எஸ் போடுங்கோ. வெறும் எஸ் போட்டா வைட் பிரிண்ட்எஃப்பில மைக்ரோசொஃப்ட் அதை வைட் எண்டு எடுக்கும், ஸ்டாண்டர்ட் அதைச் சாதாரண ஸ்ட்ரிங் எண்டு எடுக்கும்.

பிழை தேடுற டூல்களும் இதில தடக்குப்படும்

வைட்சாரில கனக்க வாற பிழை ஒண்டு: ஸ்ட்ரிங்கைக் கொப்பி பண்ண இடம் ஒதுக்கேக்க, நீளத்தோட ஒண்டைக் கூட்டிப்போட்டு வைட்சாரின்ர அளவால பெருக்க மறக்கிறது. வன்னிக்கு 24 பைட் கேக்கவேண்டிய இடத்தில 6 பைட் கேப்பம். பகிடி என்னெண்டா 64-பிட் லினக்ஸ்ல மல்லொக்கிட்ட, அதாவது மெமரியில இடம் ஒதுக்கிற ஃபங்ஷனிட்ட, 6 கேட்டாலும் உள்ளுக்கு 24 பைட் இடம் குடுக்கும், அதால வன்னி மட்டுமட்டா அடங்கும், புரோகிராம் சிரிச்சுக்கொண்டு ஓடும். முல்லைத்தீவைப் போட்டா 52 பைட் வேணும், 13 கேட்டிருப்பம், பக்கத்தில இருக்கிற மெமரியெல்லாம் அழிஞ்சு வேற எங்கயோ போய் விழும்.

இதைப் பிடிக்க வல்கிரைண்ட் மாதிரி மெமரி செக்கர் வேணும். மெமரி செக்கர் எண்டா புரோகிராம் தொடுற ஒவ்வொரு பைட்டையும் "இது உன்ர இடமா" எண்டு பாக்கிற டூல். வன்னியையே அது விடாது, "இன்வலிட் ரைட் ஒஃப் சைஸ் 4" எண்டு காட்டும். அந்த 4-தான் துப்பு: லினக்ஸ்ல வைட்சார் எழுதிற இடத்தில அப்பிடித்தான் வரும். திருப்பிக் கம்பைல் பண்ண வசதி இருந்தா ஜிசிசியிலயும் க்ளாங்கிலயும் இருக்கிற அட்ரஸ் சனிட்டைசரும் இதைப் பிடிக்கும், அது வேகமும் கூட.

ஆனா வல்கிரைண்டுக்கே ஒரு தலையிடி இருக்கு. சி லைப்ரரியில இருக்கிற நீளம் எண்ணுற ஃபங்ஷன்கள் வேகத்துக்காக ஒரே தரத்தில 16 பைட், 32 பைட் எண்டு வாசிக்கும், ஸ்ட்ரிங் முடிஞ்ச இடத்தையும் தாண்டி வாசிக்கும். மெமரிப் பக்கத்தின்ர எல்லையைத் தாண்டாமல் பாத்துக்கொள்ளுற படியால் உண்மையில ஆபத்தில்லை, செக்கர் பாத்தா பிழை மாதிரித்தான் தெரியும். அந்தப் பொய் அலாரத்தை நிப்பாட்ட வல்கிரைண்ட் அந்த ஃபங்ஷன்களைத் தூக்கிப்போட்டு, ஒவ்வொண்டா எண்ணுற தன்ர சொந்த ஃபங்ஷனை வைக்குது. வைட் ஃபங்ஷனுக்கும் அப்பிடித்தான், ஆனா அங்க வைட்சாரின்ர அளவைத் தானே முடிவெடுக்கவேண்டி இருக்கு, லினக்ஸ்ல அதை 32 பிட் இலக்கம் எண்டு எடுத்துத்தான் எழுதியிருக்கு. நீங்கள் ஜிசிசியில ஷோர்ட் வைட்சார் ஒப்ஷன் போட்டு 2 பைட்டாக் கம்பைல் பண்ணினா அந்தக் கணக்குப் பிழைக்கும், வல்கிரைண்டில மட்டுமில்லை, சி லைப்ரரியிலயும் பிழைக்கும், ஏனெண்டா லைப்ரரி 4 பைட்டுக்குக் கட்டினது. அந்த ஒப்ஷனைப் போட்டா லைப்ரரியின்ர வைட் ஃபங்ஷன் ஒண்டையும் தொடாமல் எல்லாத்தையும் சொந்தமா எழுதோணும்.

மற்ற டூல் ஸ்ட்ரிங்ஸ், ஒரு புரோகிராம் ஃபைலுக்குள்ள என்ன சொற்கள் இருக்கெண்டு பிடுங்கிக் காட்டுறது. சும்மா ஓட்டினா வைட்சார் ஸ்ட்ரிங் ஒண்டும் வராது, எழுத்துக்கு எழுத்து நடுவில சைபர் இருக்கிறதால அதுக்குச் சொல்லாவே தெரியாது. ஈ எண்ட ஒப்ஷனோட சின்ன எல் குடுத்தா விண்டோஸ் அளவில தேடும், பெரிய எல் குடுத்தா லினக்ஸ் அளவில தேடும். எண்டாலும் வாறது இங்கிலீஷ் மட்டும்தான், 255-க்கு மேல இருக்கிற இலக்கத்தை அது எழுத்தா எடுக்காது, தமிழ் வைட்சார் கிடந்தாலும் காட்டாது. "ஸ்ட்ரிங்ஸ் போட்டுப் பாத்தன், தமிழ் இல்லை" எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.

தமிழைக் கண்டுபிடிக்க ஹெக்ஸ் டம்ப், அதாவது ஃபைலை பைட் பைட்டாக் காட்டுற டூலை எடுத்து, கண்ணாலயே பாக்கலாம். ஒண்டை விட்டு ஒண்டு 11, ஹெக்ஸ்ல சைபர் பீ, வந்துகொண்டிருந்தா அது 2 பைட் வைட்சார் தமிழ். 11-க்குப் பின்னால ஒவ்வொரு தரமும் ரெண்டு சைபர் வந்தா 4 பைட். 224-உம் அதுக்குப் பின்னால 174 அல்லது 175-உம் திரும்பத் திரும்ப வந்தா யூடிஎஃப்-8. இது மூண்டும் இல்லாமல் வெறும் இங்கிலீஷ் எழுத்தா, எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு அர்த்தமில்லாமல் கிடந்தா அது பாமினி ஃபொண்டில அடிச்ச "அம்மா". அங்க யூனிகோடும் இல்லை வைட்சாரும் இல்லை, ஒரு கன்வேட்டரைத் தேடுங்கோ.